வாசலில் கிடந்த காலடி மண்

இட்டைட்டு மொழி செத்து மூவாயிரம் வருடங்களுக்கு மேலாகிறது. இன்றைய துருக்கியில், அனத்தோலியாவில் மண்ணுக்குள் கிடந்த அதன் களிமண் பலகைகளைக் கண்டியில் இருந்துகொண்டு படித்தவள் நான் ஒருத்திதான். எனக்கு விசர் என்று தம்பி பகிடி பண்ணுவான்.

அதில் ஒரு சொல் என்னைப் படாதபாடு படுத்தியது. வேறெங்கும் வராத சொல். "பயணம் போனவன் திரும்பும்வரை அதை வாசலிலிருந்து அகற்றாதே" என்பதோடு பலகை உடைந்திருந்தது. பானை என்றார் ஓர் அறிஞர், துணி என்றார் இன்னொருவர்.

தமிழருக்கெதிரான கலவரம் தொடங்கிய நாள் காலை தம்பி கெலிஓயாவுக்கு வேலைக்குப் போனான். மழை. வாசலில் அவன் சப்பாத்துச் சேறு. கூட்டுவதற்கு நான் எடுத்த தும்புத்தடியை அம்மா பறித்துவிட்டார்.

"பிள்ளை போய்ச் சேரட்டும். ஆக்கள் வெளிக்கிட்ட கையோட கூட்டக்கூடாது."

எனக்கு எரிச்சல்தான் வந்தது. மதியம் கடைவீதி எரிந்தது. உடுத்த உடுப்போடு அகதி முகாமுக்கு ஓடினோம். தம்பி அங்கும் வரவில்லை.

திரும்பி வந்தபோது வீடு பளிச்சென்று இருந்தது. அதை எரிக்கவிடாமல் காத்த பக்கத்து வீட்டுச் சிங்கள அக்கா, எங்கள் மனம் நோகக்கூடாதென்று வாசல்வரை கூட்டிக் கழுவி வைத்திருந்தார். அந்த நல்ல மனதிடம் எதைச் சொல்வது? அம்மா வெறும் நிலத்தைத் தடவித் தடவி அழுதார். அந்தச் சொல் எனக்கு அங்கேதான் விளங்கியது. காலடி மண்.

அதன்பின் பொழுதுபடும் நேரமெல்லாம் அம்மா வாசல் கேற்றைப் பார்த்து, "தம்பி, வா ராசா" என்று கூப்பிடுவார். பதில் வராது. ஆனால் எங்கள் நாய் கேற்றடிக்குப் போவதை நிறுத்திவிட்டது.

சில மாதங்களுக்குப் பின் பலகையின் மீதித் துண்டு கிடைத்ததென்று என் பேராசிரியர் வெளிநாட்டிலிருந்து படம் அனுப்பினார். நான் நினைத்தது சரி. அந்த அரிய சொல்லுக்குப் பதிலாக மண் என்ற சாதாரணச் சொல்லே இந்தத் துண்டில் இருந்தது. அடுத்த வரியை மொழிபெயர்க்கையில் என் கை நின்றது.

"என்ன எழுதியிருக்கு? மறைக்காமல் சொல்லு" என்றார் அம்மா.

வாசித்தேன். "மண் கூட்டப்பட்டால் அவனைக் கூப்பிடாதே. அவன் குரலில் வேறொன்று வரும்."

அன்று மாலை அம்மா கூப்பிடவில்லை. விளக்கை ஏற்றிவிட்டு என் பக்கத்துக் கதிரையில் இருந்தார்.

"அம்மா, நான் வந்திட்டன்."

கேற்றடியில் தம்பியின் குரல். நான் துள்ளி எழுந்தேன். அம்மா என் கையைப் பிடித்து இருத்தினார். அவர் கண்கள் வழிந்துகொண்டிருந்தன.

"போகாதை பிள்ளை. அது என்ர பிள்ளை இல்லை."