தை முகூர்த்தமும் அமெரிக்க வெளிச்சமும்

என் மாமனார் வாயைத் திறந்தால் அமெரிக்காதான். பிறந்தநாள் விழாவோ செத்தவீட்டு அந்தியேட்டியோ, நாலு பேர் கூடினால் போதும், "நான் அமெரிக்காவில ரெண்டு வருசம் இருந்தனான்" என்று தொடங்கிவிடுவார். ஐம்பதுகளில் வறண்ட நிலப் பயிர்ச்செய்கை படிக்க இலங்கை அரசாங்கம் அவரை அனுப்பியதாம். யூட்டா மாநிலத்தின் தெற்கே ஒரு சின்ன ஊர். பக்கத்து மாநிலப் பாலைவனத்தில் அணுகுண்டு வெடித்துச் சோதிப்பார்கள். ஊர்ச் சனம் விடியமுதல் குன்றில் ஏறி நின்று அந்த வெளிச்சத்தைப் பார்க்கும். மாமாவும் போய் நிற்பார். பிறகு சாம்பல் மாதிரி ஒரு தூசி வந்து சட்டையில் படியுமாம். "தட்டிப்போட்டுப் பாணும் முட்டையும் சாப்பிடப் போயிடுவம்" என்று சொல்லிக் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

தொண்ணூற்றேழில் அவருக்கு வயிற்றில் புற்றுநோய் என்று தெரிந்தது. எங்களுக்குத் தெரிந்தது, அவருக்கு இல்லை. குடும்ப டாக்குத்தரும் நம்முடைய ஆள்தான். என் கணவர் அவரின் கையைப் பிடித்து மன்றாட, அவரும் மாமாவிடம் "அல்சர் முத்திப்போச்சு ஐயா" என்று சொல்லிவிட்டார். எங்கள் ஆட்களிடம் இது ஒரு கெட்ட வழக்கம். வருத்தக்காரனைத் தவிர ஊர் முழுக்கத் தெரிந்திருக்கும். ஊரை விட்டு வந்து நாங்கள் குடியிருந்த டோர்செட் பார்க் அப்பார்ட்மென்ற்றுக்கு வந்த சனமெல்லாம் சூப்பும் கையுமாக வந்து, அல்சருக்கு மோர் நல்லது, உறைப்பு ஆகாது என்று கூசாமல் நடித்துவிட்டு, லிப்ற்றுக்குள் போய் நின்று அழும்.

மாமா எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்று. அவரின் மகள், என் மச்சாள், புருசனை இழந்து இரண்டு பிள்ளைகளோடு வன்னியில் ஒரு கொட்டிலில் கிடந்தாள். "பிள்ளையை ஒருக்கால் எனக்குக் காட்டுங்கோ" என்பார் விடிந்தால் பொழுதுபட்டால். மூன்று பேரைக் கொண்டுவர ஏஜென்ற் கேட்ட காசு, நானும் கணவரும் ஆளுக்கு இரண்டு வேலை செய்தும் கிட்ட நெருங்க முடியாத காசு.

அந்த நாட்களில்தான் வேலையிடத்துச் சாப்பாட்டறையில் யாரோ விட்டுப்போன ஆங்கிலப் பேப்பரைப் புரட்டினேன். குண்டுச் சோதனைத் தூசி விழுந்த இடங்களில் இருந்து, பின்னாளில் புற்றுநோய் வந்தவர்களுக்கு அமெரிக்க அரசாங்கம் ஐம்பதாயிரம் டொலர் நட்டஈடு கொடுக்கிறதாம். மாமாவின் ஊர்ப் பெயரும் அதில் இருந்தது. ஐயோ கடவுளே, இந்த மனிசன் நாற்பது வருசமாகச் சிரித்துச் சிரித்துச் சொன்ன கதை இதுதானா!

அமெரிக்காவுக்குப் போன் அடித்து விசாரித்தேன். வயிற்றுப் புற்றுநோய் சேருமாம். இரண்டு வருசம் அங்கே இருந்திருக்க வேண்டுமாம். அதைத்தானே மனிசன் ஸ்காபரோ முழுக்கச் சொல்லித் திரிகிறார்! ஆள் உயிரோடு இருந்தால் தானே கையெழுத்து வைக்க வேண்டும், இறந்துவிட்டால் பிள்ளைகள் கேட்கலாம். விண்ணப்பமும் தபாலில் வந்தது.

கணவர் துள்ளி எழும்பினார். "உமக்கென்ன விசரே? கான்சர் எண்டு தெரிஞ்சா அப்பா அண்டைக்கே போயிடுவார்."

"அப்ப உங்கடை தங்கச்சி?"

நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அப்பா போனாப்பிறகு நாங்கள் கேக்கலாம்தானே. அந்தக் காசில எடுப்பம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "செத்த தேப்பனைப் பாக்கவோ அவளைக் கூப்பிடப் போறியள்?" என்று கத்தினேன். அவர் கதவை அடித்துச் சாத்திக்கொண்டு வேலைக்குப் போனார்.

அடுத்த சனிக்கிழமை கணவர் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து மாமாவிடம் சொன்னேன். சவ்வரிசிக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். வருத்தத்தின் பெயரைச் சொன்னேன், தூசியைச் சொன்னேன், காசைச் சொன்னேன். கரண்டியைக் கோப்பைக்குள் வைத்தார்.

"உதை ஏன் பிள்ளை இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

விண்ணப்பத்தை எடுத்து அவருக்கு முன்னால் வைத்தேன். பிறகு அவர் கேட்டார்: "அந்தக் காசு மூண்டு பேருக்குக் காணுமோ?"

"காணும் மாமா."

மனிசனின் முகம் மலர்ந்தது. சாவைக் கொண்டுவந்து முன்னால் வைத்தவளைப் பார்த்து அப்படி ஒரு சிரிப்பு. "அப்ப பிள்ளை வந்திடுவாள்" என்றார். கண்ணாடியும் பேனையும் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு வரியாக வாசித்துக்கொண்டு போனவரின் விரல் ஓரிடத்தில் நின்றது.

"முழுசா ரெண்டு வருசமோ?"

"ஓம். நீங்கள் ரெண்டு வருசம் இருந்தனீங்கள்தானே?"

பேனையை மூடி வைத்தார். "உன்ரை மாமியை எனக்குப் பேசி முடிச்சு, தை மாசத்தில முகூர்த்தமும் வைச்சிட்டினம். அந்தத் தையை விட்டா ரெண்டு வருசத்துக்கு நல்ல நாள் இல்லை எண்டு சாத்திரியார் சொல்லிப்போட்டாராம். ஐயா தந்தி அடிச்சார். நான் படிப்பை அரைவாசியில விட்டிட்டுக் கப்பல் ஏறிட்டன்."

"எவ்வளவு குறையுது மாமா?"

"மூண்டு மாசம்."

இரண்டு வருசம் என்பது கல்யாண வீட்டில் பெண் பகுதியாருக்குப் பெருமைக்குச் சொல்லத் தொடங்கியதாம். திங்கட்கிழமை திரும்பவும் அமெரிக்காவுக்குப் போன் அடித்தேன். மறுமுனைப் பெண்ணின் குரல் தேனாக இனித்தது. தனக்கு மிகவும் கவலையாக இருக்கிறதாம். முழுதாக இரண்டு வருசம் வேண்டுமாம். இதற்குள் எல்லாம் தெரிந்துவிட்ட கணவர், ரெண்டு வருசம் என்றே எழுதுவோம் என்று நின்றார். படித்த கொலிச்சில் தான் வந்த திகதியும் போன திகதியும் கிடக்கும், அதைத்தான் முதலில் கேட்பார்கள் என்று சொல்லி மாமா விண்ணப்பத்தை மடித்து என்னிடமே தந்துவிட்டார்.

நான் சொன்னது பிழை என்று இன்றைக்கும் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவரின் உடம்பு, அவருக்குத் தெரிய வேண்டும். ஆனாலும் அந்த மனிசன் சந்தோசமாக இருந்தது ஒரு கோப்பைக் கஞ்சி ஆறுகிற நேரம் மட்டும்தான், அதை நினைத்தால் என் நெஞ்சு இப்போதும் எரிகிறது. கணவர் ஒரு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அதற்குப் பிறகு மாமா அந்த வெளிச்சக் கதையைச் சொன்னதே இல்லை. "அல்சர் எப்பிடி அங்கிள்?" என்று வந்தவர்களிடம், "அல்சர் இல்லை, கான்சர். அமெரிக்காவில வாங்கினது. நாள் பாத்துக் கல்யாணம் செய்ததால காசு இல்லையாம்" என்பார். வந்தவர்கள் தேத்தண்ணியை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் முழிப்பார்கள்.

பங்குனியில் போய்விட்டார். வன்னியில் இருந்த மகளுக்குச் செய்தி போய்ச் சேர்ந்தபோது இங்கே எட்டாம் நாள் படைக்கிற எட்டுச் செலவும் முடிந்திருந்தது.

தமிழ்ப் பேப்பரில் மரண அறிவித்தல் கணவர்தான் கொடுத்தவர். வன்னி முழங்காவிலில் வாழும் அன்பு மகளின் பாசமிகு தந்தையும், அமெரிக்காவில் இரண்டு வருடங்கள் உயர்கல்வி கற்றவரும் என்று போட்டிருந்தது. பேப்பரை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"உதை ஏன் போட்டனீங்கள்?"

"மூண்டு மாசம்தானே குறையுது" என்றார். "ஆர் கணக்குப் பாக்கப் போகினம்?"