மாடியில் வளர்த்த வஞ்சம்

என் மகளின் தட்டிலிருந்து அண்ணி முட்டையை எடுத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் பூசைக்குப் போய் வந்த பிறகு. பிரியாணி செய்திருந்தோம். ஆளுக்கொரு முட்டை வைத்துக்கொண்டு வந்தபோது கடைசியில் ஒன்று குறைந்தது. அண்ணனின் மகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். சோற்றைத் தின்றுவிட்டுக் கடைசியில் சாப்பிடலாம் என்று என் மகள் ஓரமாக ஒதுக்கி வைத்திருந்த முட்டையை அண்ணி கரண்டியால் எடுத்துத் தன் மகன் தட்டில் வைத்தாள்.

"ஒண்டவந்த எடத்துல எல்லாத்துலயும் பங்கு வேணும்னா எப்படி?" என்று சமையலறைப் பக்கம் திரும்பிச் சொன்னாள். அண்ணன் எலும்பை உறிஞ்சிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

மாடிக்கு வந்ததும் மகள் என்னிடம், "எனக்கு முட்டையே புடிக்காதும்மா" என்றாள். முட்டை என்றால் உயிரை விடுகிற பிள்ளை. எனக்காக அவள் சொன்ன அந்தப் பொய்யைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அண்ணியை இங்கே 'அவள்' என்றுதான் எழுதப்போகிறேன். நேரில் கடைசிவரை வாங்க, போங்க என்று பேசியிருக்கிறேன். அது போதும்.

ரெட்டியார்பாளையத்து வீடு அப்பா கட்டியது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்தவர். வீட்டை அண்ணன் பேரில் எழுதிவிட்டு, மாடி அறை எனக்கு என்று வாயால் சொல்லிவிட்டுப் போனார். என் கணவர் காரைக்காலில் வேறொரு குடும்பம் வைத்துக்கொண்ட பிறகு மகளோடு அந்த அறைக்கு வந்தேன். நேரு வீதியில் ஒரு துணிக்கடையில் வேலை. சம்பளத்தை அண்ணியிடம் கொடுத்துவிட்டுக் கீழே எல்லோரோடும் சாப்பிட்டோம். ஒண்டிக்கொள்ளவில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாளே தனி அடுப்பு வைத்தேன். இனி அந்தச் சமையலறையிலிருந்து ஒரு கறிவேப்பிலைகூட வாங்குவதில்லை என்று முடிவு செய்தேன். கோபத்தில் சொல்வது சுலபம். கறிவேப்பிலை முளைக்க மாதக்கணக்காகும்.

கடையில் என்னோடு வேலை செய்தவள் பிள்ளைச்சாவடிக்காரி. அவள் வீட்டில் மீன் தொழில். உடைந்த தெர்மாகோல் மீன் பெட்டிகளை அவள்தான் கொண்டுவந்து தந்தாள். அதில் மண்ணைக் கொட்டி அரைக்கீரை விதைத்தேன். பிறகு கத்தரி, தக்காளி, பழைய டிரம்மில் ஒரு முருங்கை. முதல் கத்தரியை அறுத்தபோது உள்ளே முழுக்கப் புழு. அதை நறுக்கித் தள்ளிவிட்டு மிச்சத்தைக் குழம்பு வைத்துத் தின்றோம். அவ்வளவு வீம்பு.

அதே தோழி இன்னும் முட்டையிடாத இரண்டு விடைக்கோழிகளைக் கூடையில் மூடி பஸ்ஸில் கொண்டுவந்தாள்.

"உங்க அண்ணிய கொத்துமான்னு கேக்காத. அதெல்லாம் நீதான் பழக்கணும்" என்றாள்.

ஒன்று வெள்ளைக்கழிச்சலில் செத்தது. மற்றது பிழைத்து முட்டையிட்டது. முதல் முட்டையை ஆம்லெட் போட்டு மகளுக்குக் கொடுத்தேன். சன்னலைத் திறந்து வைத்துத்தான் போட்டேன். வெங்காயமும் மிளகும் எண்ணெயில் வதங்கும் வாசனை மாடிப்படியில் இறங்கட்டும் என்று.

பிறகு தோழி ஒரு சேவலும் கொண்டுவந்து விட்டாள். கோழிகள் பெருகின. எதிர்வீட்டில் பிள்ளை பெற்றவளுக்கு முட்டை போனது. பக்கத்துத் தெருவில் காய்ச்சலில் கிடந்த பாய் வீட்டுக்குப் போனது. கோயிலில் பூ வைக்கிற அம்மாவுக்கும் போனது. கீழ்வீட்டுக்கு மட்டும் போகவில்லை. கையில் கூடையோடு அண்ணியின் வாசலைத் தாண்டித்தான் தெருவுக்கு இறங்க வேண்டும். கூடையை நான் மூடியதே இல்லை.

அவள் சும்மா இருப்பாளா? செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற நேரம் பார்த்து மாடிக் குழாய் வால்வை அடைத்தாள். துணி அலசிய தண்ணீர், அரிசி கழுவிய தண்ணீர் எல்லாவற்றையும் பிடித்து வைத்து ஊற்றினேன். "கோழி நாத்தம் தாங்கல" என்று அண்ணனை அனுப்பினாள். தோழி கொடுத்த மீன் குடலையும் தலையையும் வெல்லம் போட்டு உரத்துக்காக ஒரு வாளியில் ஊற வைத்திருந்தேன். நன்றாகப் பக்குவமானால் அது பழ வாடை அடிக்கும். அதற்கு முன் திறந்தால் தெருவே மூக்கைப் பிடிக்கும். அண்ணியின் அம்மா வீட்டார் அவள் மகன் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை நாளன்று விருந்துக்கு வந்தபோது, பக்குவமாகிவிட்டதா என்று பார்க்க எனக்குத் தோன்றியது. அன்று காற்றும் கீழ்நோக்கி அடித்தது.

இப்படியே வருஷங்கள் போயின. பிறகு அந்தப் பெரிய புயல் வந்தது. விடியும்போது தெருவில் இடுப்பளவு தண்ணீர். மின்சாரம் இல்லை. கடை எதுவும் திறக்கவில்லை. அவரைப் பந்தல் முறிந்து கிடந்தது, முருங்கை பாதியில் ஒடிந்திருந்தது. கோழிகளை மட்டும் இரவே அறைக்குள் கொண்டுவந்து கட்டில் காலில் கட்டியிருந்தேன்.

அண்ணன் படியேறி வந்து கதவருகே நின்றார். வேட்டி இடுப்புவரை நனைந்திருந்தது.

"வீட்டுக்குள்ள தண்ணி வந்துடுச்சும்மா. சிலிண்டர்லாம் மெதக்குது. நாங்க மேல வரலாமா?"

"வாண்ணே. இதுல என்ன கேக்கறது."

அண்ணி கடைசியாக வந்தாள். உட்கார இடம் கோழிகளுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள்.

சோறு வடித்தேன். ஒடிந்த முருங்கையிலிருந்து கீரையை உருவி வதக்கினேன். பானையில் இருந்த முட்டைகளை எல்லாம் வேகவைத்தேன். முதல் தட்டு அண்ணிக்கு. அதில் இரண்டு முட்டை வைத்தேன்.

"எனக்கு ஒண்ணு போதும்" என்றாள்.

"சாப்புடுங்க அண்ணி. ஒண்டவந்தவங்கன்னு நான் யாரையும் பாக்கறதில்ல. இங்க யார் தட்டுலேர்ந்தும் யாரும் எடுக்க மாட்டோம்."

அண்ணனின் கை சோற்றில் அப்படியே நின்றது. அவர் மகன் விளங்காமல் அம்மாவைப் பார்த்தான். அவனுக்கு எதுவும் நினைவில்லை. அவளுக்கு இருந்தது. நான் எதிரில் உட்கார்ந்து, இரண்டு முட்டையும் அவள் தொண்டையில் இறங்கும்வரை பார்த்தேன். மன்னிப்பைப் பற்றிச் சாமியார் எத்தனையோ பிரசங்கம் வைத்திருக்கிறார். அந்த வேளையில் அதில் ஒரு சொல்கூட எனக்கு வேண்டியிருக்கவில்லை. எனக்கு நன்றாகப் பசித்தது, நன்றாகச் சாப்பிட்டேன்.

மகள் அப்போது பெரியவளாகிவிட்டாள். தட்டு கழுவ வந்தபோது கேட்டாள்.

"ஏம்மா அப்படி சொன்ன? மாமா அழுதாரு."

"அழட்டும். அன்னிக்கு அழுதிருக்கணும்."

அதற்குப் பிறகு அன்று முழுவதும் அவள் அத்தை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அது எனக்கு உறுத்தியது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தண்ணீர் வடிந்த பிறகு அண்ணி திருந்தினாள் என்று யாராவது எதிர்பார்த்தால், இல்லை. மண் பாரத்தால் தளம் ஒழுகுகிறது, எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும் என்று ஆரம்பித்தாள். அண்ணன் அதைச் சொல்ல வந்தபோது தோழி எனக்குப் பிள்ளைச்சாவடியில் ஓட்டு வீடு ஒன்று பார்த்து வைத்திருந்தாள். பின்பக்கம் வேலி போட்ட இடமும், உப்புக் கரிக்காத தண்ணீரும் இருந்தன.

"எல்லாத்தையும் எடுத்துக்கறேண்ணே" என்றேன். எடுத்துக்கொண்டேன். பெட்டி, டிரம், கூண்டு, எல்லாம். மண்ணைக்கூட விடவில்லை. மூட்டை மூட்டையாகக் கட்டிச் சின்ன யானை வண்டியில் ஏற்றினேன். மறுபடி கட்டிய பந்தலில் அவரைக்கொடி பூத்துக் குலுங்கிக்கொண்டிருந்தது. கொடியை எடுத்துப் போக முடியாது. இன்னும் பத்து நாளில் காய்க்கும், அண்ணி பறிப்பாள். அரிவாளால் அடியோடு அறுத்தேன். வண்டிக்காரர், "பூவோட அறுக்கறீங்களே" என்றார். கோழிக்கு ஆகும் என்று சொல்லி அதையும் ஏற்றிவிட்டேன்.

இப்போது இரண்டு ஆடுகளும் இருக்கின்றன. உப்பும் எண்ணெயும் அரிசியும்தான் கடையில் வாங்குகிறேன். மீனைத் தோழி தருகிறாள், நான் கீரையும் முட்டையும் தருகிறேன். அண்ணன் சில ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டியை எடுத்துக்கொண்டு வருவார். காபி கொடுப்பேன். உட்கார்ந்து சாப்பிடச் சொல்வேன், சாப்பிடுவார். மகள் அவருக்கு ஆட்டுக்குட்டியைத் தூக்கிவந்து காட்டுவாள். கிளம்பும்போது அவர் கத்தரிப் பாத்தியையும் முருங்கையையும் ஒருமுறை பார்ப்பார்.

நான் எதையும் பறித்துக் கொடுத்தனுப்புவதில்லை. வாய்விட்டுக் கேட்டால் கொடுப்பேன். அவரும் கேட்பதில்லை.