பயர்பாக்ஸுக்குள் மதிய நேரம்

நீராவி எஞ்சின்களை எல்லாம் நிறுத்திவிட்ட பிறகு, தாம்பரத்தில் எங்கள் கொட்டகையில் ஒன்றே ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டார்கள். விழா நாட்களில் கொஞ்ச தூரம் ஓட்டிக் காட்டுவதற்காக. பாய்லர் வேலை செய்த மற்றவர்கள் மின்சார ரயில் பணிமனைக்கு மாறிப் போனார்கள். அந்த ஒரு எஞ்சினுக்காக என்னை விட்டுவைத்தார்கள். தொண்ணூறுகளின் தொடக்கம் அது.

அதற்கு முந்தைய வருடம்தான் என் மனைவி இறந்துபோயிருந்தாள். குழந்தைகள் இல்லை. குரோம்பேட்டையில் ஒரு போர்ஷனில் வாடகைக்கு இருந்தேன். காலையிலும் இரவிலும் மெஸ் சாப்பாடு. சில ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வார்த்தைகூடப் பேசாமலே பொழுது சாய்ந்துவிடும். திங்கட்கிழமை ஸ்டேஷனில் யாராவது மணி கேட்டால் முதலில் தொண்டையைச் செருமிக்கொள்ள வேண்டியிருக்கும்.

கொட்டகையிலும் ஏறக்குறைய அப்படித்தான். நிலக்கரி எரியும் இடத்தைப் பயர்பாக்ஸ் என்போம். ஓர் ஆள் குனிந்து நிற்கக்கூடிய இரும்பு அறை. கரி அள்ளிப் போடும் துவாரத்தின் வழியாகத் தலையையும் தோளையும் நுழைத்துத்தான் உள்ளே போக முடியும். அந்த அறைக்கு வெளியே இன்னொரு இரும்புச் சுவர். இரண்டுக்கும் நடுவில் தண்ணீர். இரண்டு சுவர்களையும் இழுத்துப் பிடித்துக்கொண்டு நூற்றுக்கணக்கில் போல்ட்டுகள் இருக்கும். நாள்பட்ட தண்ணீர் அவற்றை அரித்துவிடும். உள்ளே உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சுத்தியலால் தட்டுவேன். நல்ல போல்ட் கணீரென்று பேசும். உடைந்தது தொண்டை கட்டியவனைப் போலச் சத்தம் தரும். அதை எடுத்துவிட்டுப் புதிது முறுக்கி, அதன் தலையை அடித்துப் பரப்ப வேண்டும். நான் உள்ளிருந்து அடிக்கும்போது வெளியே ஒருவர் கனத்த இரும்புக் கட்டையை அதே போல்ட்டின் மறுமுனையில் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். தனி ஆளால் முடியாது.

ஆள் கேட்டேன். ஒரு பெண்ணை அனுப்பினார்கள். கணவர் ரயில்வேயில் வேலையில் இருக்கும்போதே இறந்ததால் கருணை அடிப்படையில் கலாசியாக, அதாவது உதவியாளாக, வேலை கிடைத்தவர். முப்பதைத் தாண்டிய வயது. பல்லாவரத்தில் கணவரின் குடும்பத்தோடு இருந்தார். புடவைமேல் கணவரின் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"இதப் புடிக்கணுமா அண்ணா?" என்று கட்டையைத் தூக்கிப் பார்த்தார். "யப்பா, இன்னா கனம் கனக்குது!"

உள்ளிருந்து நான் ஒரு தட்டு தட்டினால் 'தயாரா' என்று அர்த்தம். அவர் வெளியிலிருந்து ஒரு தட்டு தட்டினால் 'அடியுங்கள்'. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. ஆனாலும், தட்டினால் மறுபக்கம் ஓர் ஆள் பதில் சொல்கிறார் என்பதே எனக்குப் பெரிதாக இருந்தது. சில சமயம் அடிக்கத் தேவையில்லாதபோதும் தட்டிப் பார்த்திருக்கிறேன்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அவர் கேட்டார். "அண்ணா, உள்ள எப்டி கீது? ஒரு தபா போய்ப் பாக்கட்டா?"

"பாத்து போம்மா. தலையில இடிச்சுக்காத" என்றேன்.

நான் டப்பாவை எடுத்துக்கொண்டு எஞ்சினின் முன்பக்கம் போய் உட்கார்ந்தேன். அங்கே புகை சேரும் அறையின் வட்டக் கதவு திறந்து கிடந்தது. பயர்பாக்ஸிலிருந்து வரும் குழாய்கள் எல்லாம் அங்கேதான் வாயைத் திறந்துகொண்டிருக்கும். சாதத்தைப் பிசையும்போது அந்தக் குழாய்களின் வழியே ஒரு சத்தம் வந்தது. முதலில் காற்று என்றுதான் நினைத்தேன். பிறகு புரிந்தது. அவர் அழுதுகொண்டிருந்தார். வாய்விட்டு, அடிவயிற்றிலிருந்து.

எழுந்து போகலாமா என்று யோசித்தேன். போகவில்லை. சாப்பிடவும் முடியவில்லை.

அப்போது பார்த்து ஃபோர்மேன் வந்தார். "எங்கய்யா அந்தம்மா?"

அவரை முன்பக்கம் வரவிடாமல் நானே எதிரில் போய் நின்றேன். "உள்ளே துரு சுரண்டிக்கிட்டு இருக்காங்க, சார்."

"சாப்பாட்டு நேரத்துலயா?"

"அவங்களேதான் கேட்டுப் போனாங்க, சார்."

அவர் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிப் போனார்.

வெளியே வந்தபோது அந்தப் பெண்ணின் முகமெல்லாம் கரி. கண்ணுக்குக் கீழே மட்டும் கோடு கோடாக வெளுத்திருந்தது. மறைக்க முயலவில்லை.

"வூட்டுல எங்க பாத்தாலும் ஆளுங்கோ அண்ணா. நான் அழுதா புள்ளைங்க அழுவுது. மாமியாரு மயக்கம் போட்டு வுழுது. அவரு போனதுலேர்ந்து அழுவறதுக்கு ஒரு எடம் கெடைக்கல." சட்டையில் ஒட்டிய கரியைத் தட்டிக்கொண்டே கேட்டார். "வெளிய கேட்டுச்சா?"

"எதுவும் கேக்கல. ரெட்டைச் சுவராச்சே" என்றேன்.

அதன்பிறகு பல நாட்கள் மதியத்தில் உள்ளே போய்விடுவார். நான் டப்பாவோடு கொட்டகை வாசலில் உட்கார்ந்துகொள்வேன், யாரும் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ள. முதல்முறை அவர் அழுத அன்று மாலையில் போர்ஷனுக்குள் போய் விளக்கைப் போடாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறது. அழுவதற்கு வேண்டிய இடமெல்லாம் என்னிடம் இருந்தது. கேட்பதற்கு யாரும் இல்லாத இடத்தில் எனக்கு அழுகை வரவில்லை.

போல்ட் வேலை முடிந்தது. பாய்லரில் தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றிப் பார்த்தோம். எங்கும் கசியவில்லை. நெருப்பு மூட்டிய நாளில் அவர் கரித் துவாரத்தின் எதிரே நின்று ஜுவாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இனிமே உள்ள பூர முடியாதுல்ல?" என்று சிரித்தார். அடுத்த வாரமே அவரை மின்சார ரயில் பணிமனைக்கு மாற்றிவிட்டார்கள்.

சில வருடங்கள் கழித்துப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் அவரைப் பார்த்தேன். உடம்பு கொஞ்சம் பூசியிருந்தது. கூடுவாஞ்சேரியில் பிள்ளைகளோடு தனியாக வீடு எடுத்திருப்பதாகச் சொன்னார்.

"எனக்குன்னு ஒரு ரூம் கீது அண்ணா. கண்டிப்பா வரணும். மீன் கொழம்பு வெச்சுத் தரேன்."

ஸ்டேஷனிலிருந்து எந்தத் தெரு, எந்தக் கடைக்கு அடுத்தது என்று இரண்டு முறை விளக்கினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொய்யாப்பழம் வாங்கிக்கொண்டு ரயிலேறிப் போனேன். வீடு பூட்டியிருந்தது. மாமியாருக்கு உடம்பு முடியாமல் எல்லோரும் ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பதாகப் பக்கத்து வீட்டம்மா சொன்னார்.

"யார் வந்தாங்கன்னு சொல்லட்டும்?"

"கூட வேலை பார்த்தவர்னு சொல்லுங்க" என்றேன். பழங்களை அங்கேயே கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். அப்போது தோன்றவில்லை. கையோடு கொண்டுவந்து அந்த வாரம் முழுக்க நானே தின்றேன். மறுபடி போகலாம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். போகவில்லை.