உள்பக்கம் ஒட்டிய மஞ்சள் எழுத்து

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் திருவொற்றியூர் ஸ்டிக்கர் கடையில் மூன்று பேர் இருந்தோம்: நான், நான் செய்த பெட்டியைக் கானா கச்சேரியில் வாசிக்கும் தோஸ்து, கடைக்கார அண்ணன். குழுவை நடத்திப் பாடும் பாட்டுக்கார அண்ணன் வரவில்லை. அவர் வராததே நல்லது என்று இருந்தோம்.

பெட்டி என்றால், நானே சாலிடர் வைத்துச் செய்த சின்தசைசர். குமிழைத் திருகினால் சத்தம் குழையும், ஆடும், இழுபடும். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பரீட்சை எழுதியவன் நான். பாலிடெக்னிக்கில் படித்த எலெக்ட்ரானிக்ஸை வைத்து நானாகச் செய்த முதல் உருப்படி இது. ஆனால் அதன் கறுப்பு அலுமினிய முகப்பில் ஓர் எழுத்துகூட இல்லை. எட்டுக் குமிழும் ஒரே மாதிரி. போன வாரம் ராயபுரத்தில் தோஸ்து தப்பான குமிழைத் திருப்ப, சோகப் பாட்டுக்கு நடுவில் பெட்டி கப்பல் சங்குபோல அலறியது. பாட்டுக்கார அண்ணன் மைக்கை மூடிக்கொண்டு சொன்னார்: "ஞாயித்துக்கெயம காலடிப்பேட்டைல இன்னொரு தபா கத்துச்சு, பொட்டியும் வோணாம், நீங்களும் வோணாம்."

அன்றைக்குத்தான் அந்த ஞாயிறு. ஆறு மணிக்குக் கச்சேரி.

குமிழ்களுக்கு என்ன பெயர் எழுதி ஒட்டுவது என்பதிலேயே சண்டை. நான் 'பிட்ச்', 'ஃபில்டர்' என்று பட்டியல் போட்டுக் கொண்டுபோயிருந்தேன்.

"இன்னா மாமு இது, மருந்துச் சீட்டா?" என்றான் தோஸ்து. "வாசிக்கிறது நானு. எனக்குப் புரியறாப்ல போடு."

ஒவ்வொரு குமிழாகத் திருகிக் கேட்டு அவனே பெயர் வைத்தான். கீச்சு. கரகர. ஆட்டம். இழுவை. போன வாரம் அலறிய குமிழுக்கு: தொடாதே.

"தொடக் கூடாதுன்னா அது எதுக்குப்பா கீது?" என்றார் கடைக்கார அண்ணன்.

"தொடறதுக்குத்தான்ணே. ரோசிச்சுத் தொடணும்."

சிரித்துக்கொண்டே மஞ்சள் ஸ்டிக்கர் சுருளை மெஷினில் மாட்டி எழுத்தை வெட்டினார். மெஷின் நின்றதும் தாளைத் தூக்கிப் பார்த்தேன். எழுத்தெல்லாம் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலம் மாறிக் கிடந்தது.

"கைப் பழக்கம்பா!" என்று தலையில் அடித்துக்கொண்டார். எங்கள் பக்கம் வெளியே ஒட்டிய ஸ்டிக்கர் உப்புக் காற்றிலும் நிலக்கரித் தூசியிலும் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. அதனால் ஆட்டோ, டிரெய்லர் எதுவானாலும் கண்ணாடியின் உள்பக்கம்தான் ஒட்டுவார்கள். வெளியிலிருந்து படிக்க வேண்டுமே என்று எழுத்தைத் திருப்பிப்போட்டு வெட்டுவார் அவர். எங்களுக்கும் அப்படியே வெட்டிவிட்டார். மஞ்சள் சுருளும் அதோடு தீர்ந்தது. மிச்சம் இருந்தது கறுப்பும் கருநீலமும். கறுப்புத் தகட்டில் அதை எவன் படிப்பான்? மற்றக் கடைகளுக்கு ஞாயிறு விடுமுறை. மணி மூன்று.

தோஸ்து தாளைப் பிடுங்கி, 'கீச்சு'வை மட்டும் உரித்துக் கடையின் கண்ணாடிக் கதவில் உள்பக்கமாக லேசாக ஒட்டினான். வெளியே ஓடினான். "நேரா படிக்க வருது மாமு!" என்று தெருவிலிருந்து கத்தினான். "உள்ளாரயே ஒட்டு! பொட்டிக்கும் ஒரு கண்ணாடி போடு!"

எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. ஏன் கூடாது? பைக் நம்பர் பிளேட்டுக்கு வெட்டியது போக மிஞ்சிய, கண்ணாடிபோல் தெளிவான அக்ரிலிக் பிளாஸ்டிக் துண்டுகள் மூலையில் கிடந்தன. குமிழ்களைக் கழற்றிவிட்டு, பெட்டியின் அலுமினியத் தகட்டை ஒன்றின் மேல் வைத்துக் கிளாம்ப் போட்டு, அதன் ஓட்டைகள் வழியாகவே டிரில் இறக்கினோம். அவசரப்பட்டேன், முதல் துண்டு விரிசல் விட்டது.

"மெதுவா நைனா, அது இன்னா தேங்காயா?" என்றார் அண்ணன்.

இரண்டாவது துண்டு எட்டு ஓட்டைகளையும் சுத்தமாக வாங்கியது. அதன் பின்பக்கம் எழுத்தை ஒட்டி, அதற்கும் பின்னால் கறுப்புத் தகட்டை வைத்துக் குமிழ்களை முறுக்கினோம். மஞ்சள் எழுத்து தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல் பளபளத்தது. விரலால் தேய்த்தேன். நகத்தால் கீறிப் பார்த்தேன். எழுத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. கடையில் வாங்கும் எந்தக் கருவிக்கும் இப்படி ஒரு முகம் இருக்காது என்று அப்போது நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன்.

காலடிப்பேட்டையில் மேடை விளக்கு நேராக அந்த முகப்பில் விழுந்தது. தோஸ்து ஒரு தடவைகூடக் குமிழைத் தடவித் தேடவில்லை. சோகப் பாட்டு வந்தது. அவன் இழுவையை மெல்லத் திருப்ப, சத்தம் பாட்டுக்கார அண்ணன் குரலோடேயே அழுதுகொண்டு போய் அவர் நிறுத்திய இடத்தில் நின்றது. அவர் திரும்பிப் பார்த்தார். "அதேய இன்னொரு தபா எட்றா" என்று மைக்கிலேயே சொன்னார். கூட்டம் விசிலடித்தது.

முடிந்ததும் முகப்பைக் குனிந்து பார்த்தவர், "அடுத்த வாரமும் எட்த்துக்கினு வா. இந்த மூஞ்சிக்கு எவ்ளோ ஆச்சு?" என்று சட்டைப் பையில் கைவிட்டார்.

உடைந்த துண்டையும் சேர்த்துச் சொன்னேன்: "முந்நூத்தி நாப்பது ரூபாண்ணே."