மூன்று கல்லும் ஒரு மூடியும்

அமெரிக்கா வந்து இர்விங்கில் அபார்ட்மென்ட்டில் குடியிருந்த இரண்டாம் வருஷம், கர்ப்பத்தின் ஏழாம் மாதத்தில் எனக்கு ஒரு பெண் குழந்தை இறந்தே பிறந்தது. என் கணவரும் அவருடைய ஆபீஸ் நண்பர்கள் இரண்டு பேரும் போய்ப் புதைத்துவிட்டு வந்தார்கள். பெண்கள் இடுகாட்டுக்கு வரக்கூடாதாம். பச்சைக் குழந்தைக்கு அடையாளம் வைக்கிற வழக்கமும் இல்லையாம். ஈரோட்டிலிருந்து மாமியார் போனில் சொன்னதை அவர் ஒன்று விடாமல் செய்தார். ஃப்ரீவேயில் வாரம் ஒரு தடவையாவது இறங்கவேண்டிய எக்ஸிட்டைத் தவறவிடுகிற மனிதர், இதில் மட்டும் தப்பே செய்யவில்லை.

மறு வருஷம் பக்கத்து ஊரான ரிச்சர்ட்சனில் யுனிவர்சிட்டியில் கம்ப்யூட்டர் படிக்கச் சேர்ந்தேன். ஒரு மத்தியானம் கிளாஸுக்கு நேரமிருந்ததால், லைப்ரரியில் கைக்குக் கிடைத்த படப் புத்தகத்தைப் புரட்டினேன். புல்வெளி நடுவே மூன்று கல் நிமிர்ந்து நிற்க, மேலே மூடியாக ஒரு பெரிய பலகைக்கல். எங்கள் கிருஷ்ணகிரிப் பக்கத்து மலைகளிலும் இதே மாதிரி உண்டு. பாண்டவர் வீடு என்பார்கள். நானும் வீடு என்றுதான் நம்பியிருந்தேன். புத்தகம் அதைக் கல்லறை என்றது. ஐரோப்பாவில் எங்கோ, புதிய கற்காலத்து ஜனங்கள் கட்டியது. மேலே குவித்திருந்த மண் கரைந்துபோய்க் கல் மட்டும் மிச்சம். உள்ளே கிடைத்த எலும்புகளில் ஒரு கைக்குழந்தையினுடையதும் இருந்ததாம்.

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இரும்பைக் கண்ணால் பார்க்காதவர்கள் அத்தனை பெரிய கல்லை நகர்த்தி ஒரு குழந்தைக்கு மேல் வைத்திருக்கிறார்கள். என் மகளுக்கு ஒரு கூழாங்கல்கூட இல்லை.

அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து, சாப்பிடும்போது அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"அவளுக்கு ஒரு கல் வைக்கணுங்க."

"ஆறின புண்ண எதுக்கும்மா கிளறுற?"

"யாருக்கு ஆறிச்சு? உங்களுக்கா?"

அவர் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், "கிளம்பு, நான் டிரைவ் பண்றேன்," என்று அவராகவே சாவியை எடுத்தார். இடுகாட்டில் குழந்தைகளுக்கான பகுதியில் அங்கங்கே சின்னக் கற்கள், மற்றதெல்லாம் வெறும் புல். இரண்டு தடவை மேலும் கீழும் நடந்தார். பிறகு ஒரு ஓக் மரத்தடியைக் காட்டி, "இங்கதான்," என்றார். கொண்டுபோன பூவை அங்கே வைத்துவிட்டு வாய்விட்டு அழுதேன். அவரும் அழுதார். அவர் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கல்லுக்கு ஆர்டர் கொடுக்க மறுநாள் இடுகாட்டு ஆபீஸுக்குப் போனோம். அங்கிருந்த அம்மாள் வரைபடத்தை விரித்து விரல் வைத்தாள். எங்கள் மகள் இருந்தது நான்கு வரிசை தள்ளி, வேலியோரம். மரத்தடியில் இருப்பது வேறு யாருடைய குழந்தையோ.

"அன்னிக்கு ஒரே மழை. நான் சரியாவே பார்க்கல," என்றார் அவர். "அப்புறம் ஒரு தடவகூட வரல." அவரைத் திட்ட நான் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் விட்டுவிட்டு, வரைபடத்தில் அந்த வேலியோரத்தை இன்னொரு தடவை பார்த்துக்கொண்டேன்.

வேலிப் பக்கம் போகிற வழியில் மரத்தடியில் எங்கள் பூ வாடாமல் கிடந்தது. அதை எடுக்கக் குனிந்தார்.

"இருக்கட்டும் விடுங்க," என்றேன். "அந்தப் புள்ளைக்கும் கல்லு இல்ல."