டிரைவர் தொப்பைக்கு மூன்று வைத்தியம்

1. டிக்கெட் புத்தகம்

1944 செப்டம்பர் 4, திங்கட்கிழமை, காலை ஐந்து மணி ஐம்பது நிமிடம். விடியுமுன் பெய்த தூறல் நின்று, பெரம்பலூரில் ஈரக்காற்று அடித்துக்கொண்டிருந்தது. எங்கள் பஸ் ஷெட்டில் ஐந்து பேர் நின்றிருந்தோம். ஆறாவது ஆளான டிரைவர் தங்கராசு தன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். அவர் வயிற்றுக்கும் ஸ்டியரிங் வளையத்துக்கும் நடுவில், முதலாளி என் டிக்கெட் புத்தகத்தை அகலவாட்டில் செருகிக்கொண்டிருந்தார்.

புத்தகத்தின் அகலம் இரண்டு அங்குலம். அது கீழே விழவில்லை. தொப்பை அதை வளையத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டது.

“பாத்தியாய்யா? ரெண்டு அங்குலம் எடமில்ல. வண்டிய நீ ஓட்டறியா, ஒந் தொப்ப ஓட்டுதா?” என்றார் முதலாளி.

விஷயம் இதுதான். முந்தின சனிக்கிழமை அரியலூர் ரயில்வே ஸ்டேஷன் வாசலில் பஸ்ஸைத் திருப்பும்போது வளையம் வயிற்றில் உரசி நின்றுவிட்டது. வண்டி முழுதாகத் திரும்பாமல் ஒரு சோடா வண்டியில் இடித்தது. ஆளுக்குச் சேதமில்லை. இருபத்துநாலு சோடாவில் பத்தொன்பது உடைந்தது. எண்ணியவன் நான்தான்.

அப்போது நான் பெரம்பலூர்–அரியலூர் தடத்தில் கண்டக்டர். வயது இருபத்துநாலு. பள்ளி இறுதி வகுப்பு தேறியவன் என்பதால் கணக்கு எழுத வசதி என்று என்னை வைத்திருந்தார்கள். யுத்த காலம், பெட்ரோல் ரேஷன். எங்கள் பஸ் கரி கேஸில் ஓடியது. பின்பக்கம் ஆளுயர டிரம் ஒன்று இருக்கும். அதில் அடுப்புக்கரியைப் போட்டுப் பற்றவைத்து, கையால் புளோயரைச் சுற்றினால் கேஸ் வரும். கேஸ் வந்தால் எஞ்சின் ஓடும். கரி மூட்டைகளை முதலில் டாப்பில்தான் கட்டினோம். ஆனி மாத மழையில் நனைந்துபோனதால், டிரைவர் சீட்டுக்குப் பின்னால் பலகைப்பெட்டி ஒன்று அடித்து அதற்குள் வைத்தோம். பெட்டி அடித்த வாரம் தங்கராசு அண்ணன் லீவு, மகளுக்குக் கல்யாணம். இதை இப்போதே சொல்லிவைக்கிறேன், பிறகு யாரும் கேட்கக்கூடாது.

“தீபாவளிக்கு மூணு நாளு முன்னாடி இதே புக்கத் திரும்பவும் உள்ள விடுவேன்” என்றார் முதலாளி. “கீழ விழுந்தா நீ டிரைவர். விழலேன்னா துறையூர்க்காரன் ஒருத்தன் கேட்டுக்கிட்டே இருக்கான். அவன் வந்தா கண்டக்டருக்குத் தன் மச்சானக் கூட்டியாருவானாம்.” கடைசி வாக்கியத்தை என்னைப் பார்த்துச் சொன்னார்.

என் சம்பளம் மாதம் இருபத்திரண்டு ரூபாய். வீட்டில் சாப்பிடுகிறவர்கள் ஆறு பேர்.

தங்கராசு அண்ணன் சீட்டை விட்டு இறங்காமலே பேசினார். “எட்டு வருஷமா இதே தொப்பதான் மொதலாளி. சட்டையப் பாருங்க. நான் சேர்ந்தப்ப தச்சது. ஒரு பொத்தான் தெறிச்சிருக்கா?”

“சட்டையா வண்டி ஓட்டுது?” என்றார் முதலாளி.

நாலு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இந்தக் கதையில் நான் செய்த முதல் தப்பு அது.

2. உப்பு

அன்று மத்தியானம் அரியலூரில் முடிவெட்டும் கடைக்குப் போய், அங்கே கிடந்த பதினோரு வாரப் பத்திரிகைகளையும் புரட்டினேன். உடம்பு இளைக்க விளம்பரங்கள் ஏழு இருந்தன. நாலில் விலை போடவில்லை. விலை போடாதவனை நம்பக்கூடாது என்று அவற்றைத் தள்ளினேன். மிச்சம் மூன்று: கொழுப்பைக் கரைக்கும் உப்பு, தபால் மூலம் தேகப்பயிற்சி, ஜெயங்கொண்டத்தில் ஒரு வைத்தியரின் எண்ணெய்ச் சிகிச்சை. மூன்றையும் வரிசையாகப் பார்ப்பது என்று தீர்மானித்து அண்ணனிடம் சொன்னேன்.

“எனக்கு ஒண்ணுமில்லேங்கறேன்” என்றார் அவர். “ஒனக்கு வேல போயிரும்னு பயமா இருந்தா நீயே வாங்கு தம்பி. திங்கறது நான் தின்னுக்கறேன்.”

ஆகவே செலவு முழுவதும் என்னுடையதாயிற்று.

இளைத்ததா என்று பார்க்க எடை தெரியவேண்டும். ஆளை நிறுக்கும் யந்திரம் எங்கள் பக்கத்தில் கிடையாது. ஸ்டேஷன் பார்சல் ஆபீஸ் தராசில் நிறுத்தோம். நிறுக்கும் போர்ட்டருக்கு ஒவ்வொரு தடவைக்கும் ஓரணா. தராசு மணு, சேர் கணக்கில் காட்டும். நான் அதை விளம்பரத்தில் போட்டிருந்தபடி ராத்தலாக, அதாவது பவுண்டாக, மாற்றிக் குறிப்பேன். முதல் எடை 211 ராத்தல். பார்சல் கிளார்க் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, “இத எந்த ஊருக்கு புக் பண்றீங்க?” என்று கேட்டார்.

“நெல்லு மூட்ட மாதிரி கொக்கி போட்டுத் தூக்காம இருந்தா சரி சார்” என்றார் அண்ணன்.

உப்பு, தபால்காரரிடம் பணம் கட்டி வாங்கும் வி.பி. பார்சலில் வந்தது. ஒரு பாட்டில் இரண்டு ரூபாய் பன்னிரண்டு அணா, இரண்டு பாட்டில். காலையில் வெந்நீரில் ஒரு ஸ்பூன், பதினாலு நாளில் பத்து ராத்தல் குறையும் என்று போட்டிருந்தது. முதல் நாளும் இரண்டாம் நாளும் ஒன்றும் நடக்கவில்லை. அண்ணன் தாமாகவே மூன்றாம் நாள் மூன்று ஸ்பூன் போட்டுக் குடித்துவிட்டார்.

பெரம்பலூரைத் தாண்டி நாலாவது மைலில் பஸ் நின்றது. அண்ணன் இறங்கிச் சோளக்கொல்லைக்குள் போனார். மருதையாற்று இறக்கத்தில் மறுபடி நின்றது. கரி கேஸ் வண்டியை நிறுத்தினால் கேஸ் செத்துவிடும்; திரும்ப புளோயர் சுற்ற வேண்டும். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் குறைந்தது ஒன்பது நிமிடம். அன்றைக்கு அரியலூர் போய்ச் சேர்வதற்குள் அட்டவணையில் இல்லாத ஆறு இடத்தில் நின்றோம். நான் மட்டும் புளோயரை ஆயிரத்துக்கு மேல் சுற்றியிருப்பேன். திருச்சி ரயிலைப் பிடிக்க வேண்டியவர்கள் எட்டுப் பேர்.

முன்சீட்டில் இருந்த அம்மா ஒருவர் என்னைக் கூப்பிட்டார். “ஏன்டாப்பா, மரத்துக்கு மரம் நிக்குதே, ஒங்க டிரைவரு வேண்டுதலா?”

“வயிறு சரியில்லீங்கம்மா.”

“அவுரு வயிறு சரியில்லாததுக்கு நான் ரயில வுடணுமா? அரையணாவக் கொறச்சுக் குடு.”

குறைத்துக் கொடுக்கவில்லை. ரயில் போய்விட்டது. எட்டுப் பேரும் ஸ்டேஷன் வாசலில் நின்று என்னைத் திட்டினார்கள். இறங்கிய அண்ணன் முகம் வெளுத்து, மட்கார்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்குப் பயமாகிவிட்டது. மோரில் உப்புப் போட்டு இரண்டு சொம்பு வாங்கிக் கொடுத்து, மரத்தடியில் படுக்கவைத்தேன்.

மறுநாள் எடை 206. ஐந்து ராத்தல் குறைந்ததில் பயத்தை மறந்து சந்தோஷப்பட்டேன். உப்பை நிறுத்திய நாலாம் நாள் எடை 210. போனது தண்ணீர், வந்ததும் தண்ணீர். இரண்டாவது பாட்டிலை மூடி திறக்காமலே சாக்கடையில் வீச மனம் வராமல், ஆறு வருடம் வைத்திருந்தேன்.

3. படம் போட்ட பாடம்

தேகப்பயிற்சிப் பாடம் ஏழு ரூபாய் எட்டணா. தடித்த கவரில் பன்னிரண்டு படங்கள் வந்தன. எல்லாவற்றிலும் லங்கோடு கட்டிய ஒரே ஆள், மீசையும் மார்புமாக நின்றார். தண்டால் இருபது, பஸ்கி நாற்பது, பிறகு கையை விரித்து மூச்சு. அதோடு ஒரு படிவம்: தொடங்குமுன் மார்பளவு என்ன, ஒரு மாதம் கழித்து என்ன. வயிற்றளவுக்கு அதில் கோடே இல்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அண்ணன் தினம் ஷெட்டில் செய்தார். சோம்பேறி என்று அவரை யாரும் சொல்லக்கூடாது. நான் பக்கத்தில் நின்று எண்ணினேன். ஆனால் பயிற்சி முடிந்ததும் ஓட்டலுக்குப் போனால், முன்பு எட்டு இட்லி சாப்பிட்டவர் பதினாலு சாப்பிட்டார்.

“இவ்வளவு தின்னா எப்படிண்ணே எளைக்கும்?”

“இருபது தண்டால் எடுத்துட்டு எட்டு இட்லி தின்னா கையி எப்படித் தம்பி ஸ்டியரிங்கத் திருப்பும்? படத்துல இருக்கறவன் பஸ்ஸா ஓட்டறான்?”

இரண்டு வாரம் கழித்து எடை 213. தோள் அகன்றிருந்தது. எட்டு வருடச் சட்டை அப்போதுதான் முதல் தடவையாகத் தோள்பக்கம் கிழிந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, “நான் சொன்னப்ப கேட்டியா?” என்றார். அவர் எதைச் சொல்லுகிறார் என்று நான் யோசிக்கவில்லை. தையல் கூலி எவ்வளவு ஆகும் என்றுதான் யோசித்தேன்.

4. எண்ணெயும் கொள்ளும்

வெள்ளிக்கிழமை எங்கள் வண்டிக்கு ஓய்வு. கேஸ் டிரம்மையும் பில்டரையும் கழுவும் நாள். அதனால் தீபாவளிக்கு முன் வந்த மூன்று வெள்ளியும் ஜெயங்கொண்டம் போனோம். வைத்தியர் சூடான எண்ணெய் தடவி, வறுத்த கொள்ளுமாவால் கீழிருந்து மேலாகத் தேய்ப்பார். பிறகு தலை மட்டும் வெளியே தெரியும் மரப்பெட்டிக்குள் உட்காரவைத்து ஆவி காட்டுவார். ஒரு தடவைக்கு இரண்டரை ரூபாய். பெட்டிக்குள் அண்ணன் குறட்டை விட்டுத் தூங்கினார். நான் வெளியே நின்று நிமிடம் எண்ணினேன்.

“மூணு தடவையில கொறஞ்சிருங்களா?” என்று வைத்தியரைக் கேட்டேன்.

“பதினெட்டு தடவ வரணும் தம்பி. நாளாப் போட்ட சதை, நாளாத்தான் போகும்.”

“தீபாவளிக்குள்ள வேணுங்க.”

“அப்ப இத வுட்டுரு. ராத்திரி சோத்தப் பாதியாக்கி, கொள்ளுக் கஞ்சி குடிக்கச் சொல்லு. அதுக்கு எனக்குக் காசு வேணாம்.”

அந்த ஊரில் நான் கேட்ட ஒரே உருப்படியான பேச்சு அது. அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே கஞ்சி குடித்தார். எடை கொஞ்சங் கொஞ்சமாக இறங்கியது. சோதனைக்கு முந்தின நாள், பன்னிரண்டாவது தடவையாக நிறுத்தபோது 203. பார்சல் கிளார்க் எழுந்து நின்று கைகொடுத்தார். எட்டு ராத்தல். வேலை தப்பியது என்று நினைத்தேன்.

5. ஓட்டை எட்டு

அதே ஷெட், அதே ஆறு பேர். துறையூர்க்காரன் வந்து வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு பீடி பிடித்துக்கொண்டிருந்தான். முதலாளி புத்தகத்தைச் செருகினார். போன தடவைபோல இறுக்கமில்லை. சாய்ந்து, ஒரு விரற்கடை இறங்கி, நின்றுவிட்டது. அண்ணன் மூச்சை உள்ளே இழுத்தார்.

“மூச்ச வுடுய்யா. ரோட்டுல மூச்சு வுடாம ஓட்டுவியா?”

மூச்சை விட்டார். புத்தகம் அசையவில்லை. கால் அங்குலம் குறைந்தது. முதலாளிக்கும் முகம் நன்றாக இல்லை. எட்டு வருடம் ஓட்டிய ஆள்.

“எறங்கு தங்கராசு” என்றார்.

அண்ணன் இறங்கினார். பிடி விட்டதும் புத்தகம் கீழே விழுந்து, சீட்டுக்கு அடியில் சறுக்கிப் போயிற்று. அது கம்பெனிப் புத்தகம். எண்பத்துமூன்று டிக்கெட் பாக்கி இருந்தது. நான் முழங்காலிட்டுக் கையை உள்ளே விட்டேன். கரித்தூளைத் தள்ளியபோது விரல் ஒரு ஓட்டைக்குள் போயிற்று.

குனிந்து பார்த்தேன். சீட்டின் இரும்புக் கால்களைத் தரைப்பலகையோடு பிடித்திருந்த போல்ட் நாலு. அவற்றுக்குப் பின்னால் காலி ஓட்டை நாலு, கரித்தூள் அடைத்து. இரண்டு தடவை எண்ணினேன். போல்ட் நாலு, ஓட்டை எட்டு. டிக்கெட் புத்தகத்தை வைத்து அளந்தேன். புது ஓட்டைக்கும் பழைய ஓட்டைக்கும் நடுவே சரியாக இரண்டு புத்தக அகலம்.

“மொதலாளி, சீட்டு நாலு அங்குலம் முன்னால வந்திருக்குதுங்க” என்றேன்.

முதலாளி வேட்டியை மடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார். தாமும் விரலை விட்டு ஓட்டைகளை எண்ணினார். பிறகு எழுந்து கரிப்பெட்டியைத் தட்டினார்.

“பொட்டி அடிக்கறப்ப ஆசாரி வந்து, மூட்ட உள்ள போவல, சீட்டக் கொஞ்சம் தள்ளிக்கட்டுமான்னு கேட்டான். தள்ளுன்னுட்டேன்” என்றார்.

“அப்ப தொப்ப போட்டது கரி மூட்டைக்குத்தானுங்களே” என்றார் அண்ணன்.

முதலாளி சிரித்துவிட்டார். வாசலில் நின்ற துறையூர்க்காரனிடம் தாமே போய், “டீ குடிச்சிட்டுப் போப்பா” என்றார். கரிப்பெட்டி அன்றே பின்பக்கம் போயிற்று. அதற்காகப் பின்வரிசையில் ஒரு சீட்டை விட்டுக்கொடுத்தார். பழைய ஓட்டைகளில் போல்ட்டை முடுக்கிய பிறகு, அண்ணன் சொல்லாமலே நான் புத்தகத்தை உள்ளே விட்டுப் பார்த்தேன். எதையும் தொடாமல் பொத்தென்று தரையில் விழுந்தது.

முதல் நாளே அவர் சட்டையைக் காட்டினார். எட்டு வருடம் ஒரே சட்டையைப் போடுகிறவன் பெருக்கவில்லை என்றால், வேறு ஏதோ சிறுத்திருக்க வேண்டும். ராத்தலை எண்ணினேன், இட்லியை எண்ணினேன், வண்டி நின்ற இடங்களை எண்ணினேன். அவர் உட்கார்ந்த இடத்தை அளக்கவில்லை. பிற்காலத்தில் செக்கிங் இன்ஸ்பெக்டராகப் பதினேழு வருடம் இருந்தேன். யாராவது ஒரு ஆள்மேல் புகார் வந்தால், முதலில் வண்டியின் அடியில் குனிந்து பார்த்துவிட்டுத்தான் ஆளிடம் விசாரிப்பேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது அவ்வளவுதான். இளைக்க வேண்டும் என்று என்னைக் கேட்பவர்களுக்கு இன்றும் கொள்ளுக் கஞ்சியைத்தான் சொல்லுகிறேன், பாட்டிலைச் சொல்லுவதில்லை.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. மறுநாள் காலை மருதையாற்று இறக்கத்தில் அண்ணன் வண்டியை மெதுவாக்கித் திரும்பிப் பார்த்தார்.

“தம்பி, மூணு மாசமா கிட்டக்க உக்காந்து பழகிப்போச்சு. இப்ப முதுகு காலியா இருக்கு. ஒரு தலகாணி வாங்கிக் குடுத்துரு.”

அரியலூரில் இலவம்பஞ்சுத் தலையணை ஒன்று வாங்கினேன். ஒரு ரூபாய் ஒன்பது அணா. அதையும் சேர்த்து, ஒன்றும் கெட்டுப்போகாத ஒரு தொப்பைக்காக நான் என் கையிலிருந்து செலவழித்தது, இருபத்திரண்டு ரூபாய் பதின்மூன்று அணா.