மொய்தீன் காக்காவின் முன்சக்கரம்

போன மாதம் துபாயில் மகன் வீட்டில் இருந்தபோது பேரன் என்னை ஒரு கார் கண்காட்சிக்கு இழுத்துக்கொண்டு போனான். ஒரு மால் வாசலில் பழைய அமெரிக்கக் கார்களை மெருகேற்றி, சுற்றிலும் கயிறு கட்டி நிறுத்தியிருந்தார்கள். ஒரு வண்டியின் முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, உள்ளே இருக்கும் ஆர்ம், ஸ்பிரிங், பால் ஜாயின்ட் எல்லாம் தெரியும்படி விளக்கு போட்டிருந்தார்கள். எந்த வண்டிக்கு எது பொருந்தும் என்று கம்ப்யூட்டரே சொல்லிவிடுமாம். பொருந்தாவிட்டால் அளவு கொடுத்தால் போதும், செய்து வீட்டுக்கே அனுப்புவார்களாம். பேரன் ஆங்கிலத்தில் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டுக்கொண்டிருந்தான். நான் குனிந்து மோந்து பார்த்தேன். கிரீஸ் வாசனையே இல்லை. காவலுக்கு நின்றவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

கிரீஸ் என்றால் எனக்கு மொய்தீன் காக்கா ஞாபகம்தான் வரும். கீழக்கரைக்காரர். துபாயின் தேரா பக்கம் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கவுண்டரில் நின்றார். எத்தனை சோப்புப் போட்டாலும் அவர் கை ரேகையில் கறுப்பு போகாது. அவர்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மதுரைக்காரனான எனக்கு முதலில் நாக்கு கூசியது, அப்புறம் அதுவே உறவாகிவிட்டது. எழுபதுகளின் நடுவில் பர் துபாயில் ஒரே ரூமில் நாலு பேர் இருந்தோம். காக்கா, திருச்சி பாலு, யாழ்ப்பாணத்து ரத்தினம், அப்புறம் ஒரு கன்ஸ்ட்ரக்ஷன் கம்பெனியில் கட்டடப் படம் வரைந்துகொண்டிருந்த நான். நாலு பேருக்கும் கல்யாணமாகியிருந்தது. நாலு மனைவிகளும் ஊரில் இருந்தார்கள்.

சோறு, ஃபேன், பேப்பர் போலவே காரும் எங்களுக்குப் பொதுதான். யாரோ ஒரு ஷேக் வீட்டிலிருந்து கைமாறிக் கைமாறி வந்த அமெரிக்கக் கார் அது. படகு மாதிரி நீளம். ரிப்பேர் வந்தால் யார் பார்ப்பது என்று சண்டை வரக் கூடாதே என்று ஆளுக்கொரு சக்கரத்தைச் சீட்டுக் குலுக்கிப் போட்டுப் பிரித்துக்கொண்டோம். உங்களுக்குச் சிரிப்பு வரலாம். அந்தக் காலத்தில் பல ரூம்களில் இதுதான் வழக்கம். யார் சக்கரத்தில் கோளாறோ அவர்தான் அலைந்து சாமான் தேட வேண்டும். எனக்குப் பின்சக்கரம் விழுந்தது. பஞ்சர் ஒட்டுவதற்குமேல் எனக்கு வேலையே வந்ததில்லை, ஆனாலும் கார் ஓனர் என்று ஊருக்கு எழுதிக்கொண்டேன். காக்காவுக்கு விழுந்தது முன்பக்க வலது சக்கரம்.

முன்சக்கரம்தான் வினை. மணலும் மேடு பள்ளமும் முன்பக்கத்தைத்தான் தின்னும். எங்களுக்கு முன்னால் வைத்திருந்தவர் யாரோ, வலது பக்கத்தில் சக்கரத்தைத் தாங்கிப் பிடிக்கும் மேல் ஆர்ம் உடைந்ததும் அதை எடுத்துவிட்டு, வேறொரு வேன் வண்டியின் ஆர்மைத் துளை பெரிதாக்கி மாட்டியிருந்தார். அது ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், நீளம் கூடுதல். அந்த ஒரு நூலுக்கே வண்டி எந்நேரமும் வலது பக்கம், மணலைப் பார்த்து இழுக்கும். ஸ்டியரிங்கை இடது பக்கமாகத் தம் பிடித்துக்கொண்டே ஓட்ட வேண்டும்.

காக்காவின் தொழிலே இப்படி ஒன்றுக்கு ஒன்று மாற்றிக் கொடுப்பதுதான். கஸ்டமர் உடைந்த சாமானைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வருவார். காக்கா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உள்ளே போவார். வேறு ஏதோ கம்பெனி, வேறு ஏதோ வருஷத்துச் சாமானோடு வந்து, "உக்காரும் பாய்" என்பார். சாமான் பொருந்தி உட்காரவும் செய்யும். புஷ் மட்டும் லேத்தில் கடைந்து போட வேண்டியிருக்கும். 'மாஃபி', இல்லை என்று அரபியில் சொல்லிக் கையை விரிக்க ஒரு நொடி போதும், ஆனால் அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

அப்படிப்பட்டவர் சொந்தச் சக்கரத்துக்கு மட்டும் ஒரிஜினல்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். காரணம் சபுரா. அவர் மனைவி. அவளுக்கான விசா கையில் இருந்தது. இரண்டு தெரு தள்ளித் தனியாக வீடு பார்த்து, பாத்திரங்கூட வாங்கி வைத்துவிட்டார். டாக்ஸியில் கூட்டிவரலாமே என்றார் பாலு. சொந்த வண்டியில் கூட்டிப்போவேன் என்று அவளிடம் சொல்லிவிட்டேனே என்று காக்கா கோபித்துக்கொண்டார். நான் தனியாகக் கேட்டபோதுதான் உண்மையைச் சொன்னார்.

"ராம்நாடு பஸ்ல ஏறுனாலே கண்ண மூடிக்கிருவா தம்பி. இந்தக் கோண வண்டியிலயா அவள ஏத்தச் சொல்ற? நேரா ஓடட்டும், மறுநாளே டிக்கெட் போடுறேன்."

எங்களுக்கும் அது நியாயமாகவே பட்டது. நாங்களும் ஏசி வரட்டும், பெரிய வீடு கிடைக்கட்டும் என்று ஆளுக்கொன்றைச் சொல்லித் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தவர்கள்தானே.

முதல் ஆர்டரில்தான் அந்தக் கூத்து நடந்தது. சாம்பிளை வைத்தே பிழைத்த மனிதர் அல்லவா, பழக்கதோஷத்தில் வண்டியில் இருந்த ஆர்மைக் கழற்றி, அதன் அளவையும் நம்பரையும் அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டார். அதுவே வேறு வண்டியின் ஆர்ம் என்பது அவர் புத்தியில் உறைக்கவில்லை. பல மாதம் கழித்துப் பெட்டி வந்தது. பிரித்தால் அதே வேன் ஆர்ம், அதே ஒரு நூல் நீளம். காக்கா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். நாங்களும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

இரண்டாவது முறை கார் மாடலைச் சொல்லி, இரண்டு பக்கத்துக்கும் ஜோடியாக வரவழைத்தார். கப்பலும் வந்துவிட்டது. ஆனால் அப்போது துறைமுகத்தில் இடமில்லாமல் கப்பல்கள் வெளியே வாரக்கணக்கில் நங்கூரம் போட்டு நின்றன. வெள்ளிக்கிழமைகளில் ஜுமைரா கரைக்குப் போனால் வரிசையாகத் தெரியும். அதில் ஒன்றைக் காட்டி, அதில்தான் நம் சாமான் இருக்கிறது என்பார் காக்கா. எது என்று அவருக்கும் தெரியாது.

கப்பல் நின்றுகொண்டிருந்தபோதே தந்தி வந்தது. ஊரில் மஞ்சள் காமாலை. சபுரா போய்விட்டாள். அவர்கள் வழக்கப்படி அன்றைக்கே அடக்கமும் செய்துவிட்டார்கள். ஓடிப் போய்ப் பார்க்கவும் ஒன்றுமில்லை. காக்கா தொழுதார், அப்புறம் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். நாங்கள் மாற்றி மாற்றி டீ போட்டோம். ஒருவரும் குடிக்கவில்லை.

பெட்டி அதற்கப்புறம் வந்தது. அன்று கடையில் நானும் இருந்தேன். காக்கா பிரித்துப் பார்த்தார். பளபளவென்று ஜோடி ஆர்ம், அப்பழுக்கில்லாத ஒரிஜினல். அந்த நேரம் பார்த்து பாலைவனத்து அரபியான ஒரு பதூ உடைந்த ஆர்மோடு வந்து நின்றார். எங்கள் வண்டி மாடல்தான். காக்கா ஜோடியை அப்படியே அவர் கையில் தூக்கிக் கொடுத்துவிட்டார். நான் பதறிப்போய்த் தடுத்தேன்.

"கொண்டு போகட்டும் தம்பி. அவன் வீட்ல யாரோ காத்திருப்பாக."

வண்டி கடைசிவரை கோணலாகவே ஓடியது. எங்கள் மூன்று பேருக்கும் பயம் பிடித்துக்கொண்டது. ஏசியும் வேண்டாம், பெரிய வீடும் வேண்டாம், தனியாக ஒரு ரூம் போதும் என்று ஒருவர் பின் ஒருவராக மனைவிகளை வரவழைத்தோம். என் மனைவி வந்து இறங்கியபோது கட்டில்கூட வாங்கியிருக்கவில்லை. மூன்று தடவையும் ஏர்போர்ட்டிலிருந்து வண்டி ஓட்டியது மொய்தீன் காக்காதான். அந்த ஸ்டியரிங்கை எங்களைவிட அவர்தான் நன்றாகப் பிடிப்பார் என்று அவரே சாவியை வாங்கிக்கொண்டார்.

நடந்ததை நான் மனைவிக்கு எழுதவில்லை. எப்படி எழுதுவது? பின்சீட்டிலிருந்து அவள் சாதாரணமாகக் கேட்டாள்.

"அண்ணே, உங்க வீட்ல எப்பண்ணே வர்றாங்க?"

கிரீக் பாலம் வந்துகொண்டிருந்தது. காக்கா ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இந்த எடத்துல கொஞ்சம் தூக்கிப் போடும் தங்கச்சி. புடிச்சுக்கிருங்க."

அவள் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டாள். வண்டி மேட்டில் ஏறி இறங்கியது. காக்கா இடது பக்கமாகத் தம் பிடித்து அதை நேராக வைத்திருந்தார். ரூமுக்குப் போனதும் விஷயத்தைச் சொன்னேன். அவள் அழுதுவிட்டு, இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

வண்டி கைமாறிப் போய்விட்டது. ரூம் இருந்த கட்டடத்தை இடித்துவிட்டார்கள், கடை இருந்த இடத்தில் மொபைல் விற்கிறார்கள். காக்கா ஊருக்குப் போய், கடைசிவரை தனியாகவே இருந்து, காலமாகிவிட்டார். என் மனைவி போய் ஒரு வருஷமாகிறது. இந்தத் தடவை ஏர்போர்ட்டிலிருந்து வரும்போது மகனிடம் அந்தப் பாலத்தின் வழியாகப் போகச் சொன்னேன். சாலை தண்ணீர் மாதிரி இருந்தது, வண்டி எங்கேயும் தூக்கிப் போடவில்லை. பிடித்துக்கொள்ளச் சொன்னவரும் இல்லை, பிடித்துக்கொண்டவளும் இல்லை.